தட்டில் தாவரம் எங்கே? சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு கண்டிப்பான வழிகாட்டி

ஜாங்கிரி தாவர உணவுதான். பாமாயிலில் பொரித்த உருளைக்கிழங்கு சிப்ஸும் முட்டை சேர்க்காத பரோட்டாவும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. இவற்றுக்காக எந்த உயிரும் வருந்தவில்லை. பின்னாளில் வருந்தப் போவது இவற்றைத் தினமும் தின்பவரின் கணையம் மட்டுமே. இறைச்சியைத் தொடுவதில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்பவர், அந்த இடத்தில் என்ன வந்து அமர்ந்திருக்கிறது என்று ஒருமுறையேனும் தம் தட்டைக் குனிந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அங்கே இருப்பது ஒரு வெள்ளைக் குன்று, அதன் அடிவாரத்தில் பொரியல் என்ற பெயரில் இரண்டு கரண்டி பீன்ஸ், மேலே குடைபோல ஓர் அப்பளம்.

புரட்டாசி மாதத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை கறிக்கடைகள் ஈயோட்டுகின்றன; அதே மாதத்தில் கோபி மஞ்சூரியனும் பன்னீர் பட்டர் மசாலாவும் காளான் பிரைடு ரைஸும் அமோகமாக விற்கின்றன. கோழியை விட்டவர் எண்ணெயை இரட்டிப்பாக்கிக்கொண்டு, மாத முடிவில் எடை கூடியதற்குப் பெருமாளைக் காரணம் சொல்ல முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணித்தது. அதே ஆய்வின் உணவுப் பகுதி, நாம் பெறும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகக் காட்டியது. அரிசி ஒரு தாவரம்தானே என்று வாதிடலாம். வழக்கறிஞர் மகிழ்வார், இரத்தப் பரிசோதனை மகிழாது. எனவே இந்த வழிகாட்டியின் நோக்கம் ஒன்றே: தாவர உணவு உண்பவரின் தட்டில் உண்மையிலேயே தாவரங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது. பால், தயிர் உண்ணும் சைவர்களுக்கும், அவற்றையும் விட்ட நனிசைவர்களுக்கும் இது பொருந்தும். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

முதல் படி: மளிகைச் சீட்டை வெளியே எடுங்கள்

நாம் என்ன சாப்பிடுகிறோம் என்பதை நாமே சொன்னால் அதில் பாதி கற்பனையாக இருக்கும். வாரத்தில் ஒருமுறை கீரை சமைத்தவர் தாம் தினமும் கீரை சாப்பிடுவதாகவே நம்புவார். மளிகைச் சீட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எனவே சென்ற மாதச் சீட்டையும் காய்கறிக்குச் செலவிட்ட கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு பயறு வகைகள், கீரை உட்பட 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 35 கிராம் கொட்டைகளும் விதைகளும், 300 மில்லி பால் அல்லது தயிர், 27 கிராம் எண்ணெய் ஆகியவை போதும். இந்த எடைகள் எல்லாம் சமைப்பதற்கு முந்தையவை. இதை நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டின் முப்பது நாள் கணக்காக மாற்றினால், தானியம் 30 கிலோ, பருப்பும் பயறும் 10 கிலோ, காய்கறியும் கீரையும் 48 கிலோ, பழம் 12 கிலோ, வேர்க்கடலை, எள் முதலியவை 4 கிலோ, எண்ணெயும் நெய்யும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றரை லிட்டர் என்று வரும். உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் என்பதால் மாதத்துக்கு 600 கிராம். ஊறுகாயிலும் அப்பளத்திலும் ஒளிந்து வருவதும் அதற்குள் அடக்கம்.

எங்கள் வீட்டுச் சீட்டை நான் முதன்முறை இப்படிக் கூட்டிப் பார்த்தபோது, துவரை, உளுந்து, கடலை, பாசி எல்லாம் சேர்ந்து 5 கிலோ இருந்தது. அதாவது தேவையில் சரிபாதி. எண்ணெய் 6 லிட்டர். சர்க்கரை 5 கிலோ, அதாவது ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல். காப்பியில் அரைக் கரண்டிதானே போடுகிறோம் என்று வாதிட்ட அதே நாலு பேர்தாம் இதைத் தின்று தீர்த்திருந்தார்கள். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு என்ற வரிகள் சீட்டிலேயே இல்லை. அப்பளம் நான்கு கட்டு என்ற வரி மட்டும் அழுத்தமாக, அடிக்கோடிட்டு இருந்தது.

உங்கள் சீட்டில் எண்ணெய் வரி பருப்பு வரியைவிடப் பெரிதாக இருந்தால், நீங்கள் சைவர் என்பதைவிட எண்ணெயர் என்பதே பொருத்தம். அந்த எண்களைச் சமையலறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். அடுத்த படிகள் எல்லாம் அந்த எண்களை நகர்த்துவதற்கானவை.

இரண்டாம் படி: காய்கறியை யார் நறுக்குவது என்று முடிவு செய்யுங்கள்

ஆளுக்கு 400 கிராம் என்றால் நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 1.6 கிலோ. காகிதத்தில் இது ஓர் எண். சமையலறையில் இது முக்கால் மணி நேர வேலை. முருங்கைக்கீரையை உருவி, முளைக்கீரையை ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்கிய எவருக்கும் கீரை ஏன் வீட்டில் அரிதாகிப் போனது என்று விளக்க வேண்டியதில்லை. பல வீடுகளில் பரிசோதனைச் சீட்டோடு வந்து, இனிமேல் நமக்குக் காய்கறிதான் என்று அறிவிப்பவர் ஒருவர்; அரிவாள்மணை முன்னால் உட்காருபவர் வேறொருவர். இந்த இருவரும் ஒருவராகாத வரை அந்தத் திட்டம் பத்து நாளைத் தாண்டாது. ஆகவே அறிவித்தவரே நறுக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நேரத்தில், விளம்பரங்களையும் சேர்த்து, ஒரு கிலோ அவரையைத் தாராளமாக நறுக்கிவிடலாம்; கதையும் அதற்கு மேல் கவனத்தைக் கேட்பதில்லை.

அடுத்து, எதைக் காய்கறி என்று எண்ணுகிறோம் என்ற கேள்வி. உருளை, சேப்பங்கிழங்கு, சேனை, மரவள்ளி ஆகியவை நல்ல உணவுகளே. ஆனால் அவை மாவுச்சத்துக் கணக்கைச் சேர்ந்தவை, வாழைக்காயும் அப்படியே. சாம்பார் சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் என்பது சோற்றுக்குச் சோற்றையே தொட்டுக்கொள்வது. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டுகளையும் காய்கறி என்று கணக்கெழுத வேண்டாம். அவற்றில் பெரும்பகுதி இலையோரத்தில் சக்கையாகக் குவிந்துவிடுகிறது.

பரிமாறும் ஒழுங்கையும் மாற்றியாக வேண்டும். வாழையிலையில் காய்கறிகளை முதலில் வைத்துவிட்டுச் சோற்றைக் கடைசியில் கொண்டுவரும் முறை நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. நாம்தான் சோறு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். காத்திருக்க வேண்டாம். பொரியலையும் கூட்டையும் முதலில் உண்ணத் தொடங்குங்கள். தட்டில் பாதி இடத்தை அவை பிடித்த பிறகு மீதியில் எவ்வளவு சோறு கொள்கிறதோ அதுவே உங்கள் அளவு. மாவுச்சத்துக்கு முன் காய்கறியையும் பருப்பையும் உண்பதால் உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்பது ஆய்வுகளில் காணப்பட்ட செய்தி. அதற்குக் கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை.

மூன்றாம் படி: ஒன்பது நாள் சுண்டலை ஆண்டு முழுவதும் நீட்டுங்கள்

தமிழ்ச் சைவக் குடும்பம் ஆண்டிலேயே மிகச் சிறப்பாகப் புரதம் உண்ணும் காலம் நவராத்திரி. கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி, மொச்சை, பச்சைப்பயறு என்று ஒவ்வொரு மாலையும் ஒரு சுண்டல். போதாததற்கு அண்டை வீட்டுக் கொலுவிலிருந்து இன்னொரு பொட்டலம். பத்தாம் நாள் பொம்மைகளோடு பயறுகளும் பரணுக்கு ஏறிவிடுகின்றன. மீதி நாட்களில் புரதத்துக்கு நாம் நம்பியிருப்பது தெளிவு ரசத்தை. அந்த ரசம் பருப்பைத் தூரத்திலிருந்து பார்த்த தண்ணீர்.

கணக்கு எளிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். பெரும்பாலான பருப்பு பயறுகளில் நூற்றுக்கு 20 முதல் 24 கிராம் புரதம் இருப்பதால் 85 கிராமிலிருந்து சுமார் 19 கிராம் கிடைக்கும். 250 கிராம் தானியம் 20 கிராமுக்கு மேல் தரும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 8 கிராம், 300 மில்லி தயிர் 9 கிராம். கூட்டினால் 50-ஐத் தாண்டிவிடும். புரதப் பொடி டப்பாவுக்கு இந்தக் கணக்கில் எங்கும் இடமில்லை. தயிரை விட்ட நனிசைவர் அந்த 9 கிராமை இன்னொரு கிண்ணம் சுண்டலாலோ, டோஃபு என்னும் சோயா பன்னீராலோ, உலர்ந்த நிலையில் நூற்றுக்கு 50 கிராம் அளவு புரதமுள்ள சோயா உருண்டைகளாலோ ஈடுசெய்யலாம். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், தானியத்தில் குறையும் லைசீன் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில்தான் உண்ண வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரே நாளுக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

இந்த 85 கிராமை நாளுக்குள் எப்படி நுழைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சாம்பாருக்குள் எல்லாவற்றையும் திணிக்க முயன்றால் அது களியாகிவிடும். காலை உணவில் கையை வையுங்கள். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற இட்லி மாவை மூன்றுக்கு ஒன்று ஆக்கலாம், இட்லி கெட்டுப்போகாது. வாரத்தில் மூன்று நாள் இட்லி தோசைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஊறவைத்த பச்சைப்பயற்றை இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைத்துப் பயற்றந்தோசை ஊற்றலாம். அடைக்கு இரண்டு பங்கு அரிசியும் ஒரு பங்கு பருப்பும் போடுகிறவர்கள் அந்த விகிதத்தை அப்படியே தலைகீழாக்கலாம். மதியம் கெட்டிச் சாம்பாரோ, கீரையும் பாசிப்பருப்பும் சேர்ந்த கூட்டோ, கொத்தவரங்காய்ப் பருப்புசிலியோ இருக்கட்டும். மாலை நாலு மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடும் கைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்தால் அது முறைத்துக்கொண்டாவது வாங்கிக்கொள்ளும்.

வாயு என்ற முறையீடு இங்கே கட்டாயம் எழும், சில வீடுகளில் ஓசையோடு எழும். பயறுகளிலுள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு விருந்தாகின்றன. விருந்தின் ஆரவாரமே நமக்குக் கேட்கிறது. எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில், விரலால் நசுக்கினால் மசியும்வரை வேகவையுங்கள். முதல் வாரம் இரண்டு கரண்டியில் தொடங்கி மூன்று வாரத்தில் முழுக் கிண்ணத்துக்கு வாருங்கள். குடலும் பழகிக்கொள்ளும், குடும்பமும் பழகிக்கொள்ளும். ராஜ்மாவை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் அரைவேக்காட்டில் உண்ணக் கூடாது. அதிலுள்ள ஒரு நச்சுப் புரதம் நன்கு கொதித்தால்தான் செயலிழக்கும், இல்லாவிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்தப் படி முழுவதையும் மருத்துவரிடம் காட்டி அவர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.

நான்காம் படி: அரிசியை அளந்து போடுங்கள், சிறுதானியத்தைக் கும்பிட வேண்டாம்

பழைய ஆழாக்கு 168 மில்லி. அதில் சுமார் 140 கிராம் அரிசி கொள்ளும். நாள் முழுவதற்கும் தானியம் 250 கிராம் என்றால் ஒருவருக்கு இரண்டு ஆழாக்குக்கும் குறைவு, அதில் இட்லிக்கும் தோசைக்கும் சப்பாத்திக்கும் போனது போக மீதிதான் மதியச் சோறு. நான்கு பேருக்கு மதியம் இரண்டேகால் ஆழாக்கு போதும். அதற்கு மேல் உலையில் போட்டுவிட்டு, மிஞ்சியதை வீணாக்கக் கூடாதே என்று தாமே தின்று தீர்ப்பது சிக்கனம் ஆகாது. தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலை உண்ணலாம், அன்றைய இட்லிக் கணக்கில் அதைக் கழித்துவிட்டு.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து, சாமைக்கும் வரகுக்கும் தினைக்கும் ஏறக்குறையத் தெய்வப் பதவி கிடைத்துவிட்டது. அவற்றில் நார்ச்சத்து கூடுதல், ராகியில் நூற்றுக்கு சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு என்பவை உண்மை. ஆயினும் தவிடு நீங்கும்வரை தீட்டிய சாமைக்கும் தீட்டிய அரிசிக்கும் இடைவெளி குறுகிவிடுகிறது. மாவாகத் திரித்து, பனங்கற்கண்டு போட்டு, கஞ்சியாகக் குடிக்கும் ராகி இரத்தச் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். தினை லட்டு ஒரு லட்டு, வரகு முறுக்கு ஒரு முறுக்கு. சோற்றுக்குப் பதிலாகச் சிறுதானியத்தை உண்ணுங்கள்; சோற்றோடு கூடுதலாக உண்டுவிட்டு உடல்நலத்தைத் தேடாதீர்கள்.

ஐந்தாம் படி: எண்ணெய், உப்பு, சர்க்கரை

இதில் நீண்ட விளக்கத்துக்கு இடமில்லை. மாதத் தொடக்கத்தில் மூன்றரை லிட்டரை வாங்கி அலமாரியில் வையுங்கள். தீர்ந்தால் அடுத்த மாதம்தான் அடுத்த பாக்கெட். இருபதாம் தேதி எண்ணெய் தீர்ந்துபோன வீட்டில் அவித்தும் வேகவைத்தும் சமைக்கும் திறமை தானாகப் பிறக்கும். செக்கெண்ணெயிலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். செக்கை மாடு இழுத்ததா மோட்டார் இழுத்ததா என்பது கலோரிக்குத் தெரியாது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் சர்க்கரைக் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும். இந்துப்புக்கு மாறியவர்கள் அதில் அயோடின் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று உறையைப் பார்த்துவிட்டு மாறுங்கள்; பெரும்பாலும் இருக்காது, மீனையும் பாலையும் தவிர்ப்பவருக்கு அயோடின் கலந்த உப்பே முக்கிய ஆதாரம்.

ஆறாம் படி: தாவரத்தால் தர முடியாததை ஒப்புக்கொள்ளுங்கள்

வைட்டமின் பி12 தாவரங்களில் நம்பத்தக்க அளவில் இல்லை. நுண்ணுயிர்கள் உருவாக்கும் இந்தச் சத்து விலங்குணவு வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினா என்னும் சுருள்பாசியில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி நரம்புகளைப் பணயம் வைக்க வேண்டாம். சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். நாளொன்றுக்குத் தேவையான 2 முதல் 2.5 மைக்ரோகிராமில், 300 மில்லி பால் ஏறத்தாழப் பாதியையே தரும். ஆகவே பாலைச் சிறிதளவே உண்பவர்கள் பரிசோதித்துப் பார்க்க வேண்டும், நனிசைவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கல்லீரலின் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால், எனக்கொன்றும் ஆகவில்லையே என்று மூன்றாம் ஆண்டில் சொல்பவருக்கு ஐந்தாம் ஆண்டில் கால் மரத்துப்போகலாம், இரத்தசோகை வரலாம், மறதி கூடலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களுக்கு இக்குறைபாட்டின் வாய்ப்பு மேலும் அதிகம். மாத்திரையிலுள்ள பி12 நுண்ணுயிர் நொதிப்பில் தயாராவதே. மேலுறை விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினா என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் கொள்கைக்கும் பங்கம் வராது.

இரும்புச்சத்தில் சிக்கல் வேறு வகையானது. கீரையிலும் பயறுகளிலும் அது இருக்கிறது, உடல்தான் எளிதில் உறிஞ்சுவதில்லை. வைட்டமின் சி உடனிருந்தால் உறிஞ்சுதல் கூடும், காப்பியும் தேநீரும் தடுக்கும். ஏகாதசி விரதம் இருந்தவர்கள் மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரையோடு நெல்லிக்காயும் சேர்த்து உண்பது வழக்கம். அந்தச் சேர்க்கை இரும்புச்சத்துக்கு மிகப் பொருத்தமானது. அதை உண்டு முடித்த கையோடு ஒரு டம்ளர் டிகிரி காப்பி குடித்துவிடுவது மட்டும்தான் பொருந்தாதது. உணவுக்கும் காப்பிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

கால்சியத்துக்கு ராகி, எள், தயிர் ஆகியவை உண்டு. பாலக்கீரையிலுள்ள கால்சியத்தை அதிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருள் கட்டிப்போட்டுவிடுவதால் அதை நம்பியிருக்க வேண்டாம். ஒமேகா-3 கொழுப்புக்கு ஆளி விதையை வறுத்து இட்லிப் பொடியோடு சேர்த்து அரையுங்கள், முழு விதையாக விழுங்கினால் அது வந்தபடியே சுற்றுலா முடித்துப் போய்விடும். கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்தப் படி முழுவதும் மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

ஏழாம் படி: அத்தையைச் சமாளியுங்கள்

வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக நடக்கும்; உறவினர் வீட்டு வாசலில் காலை வைத்ததும் குலைந்துவிடும். போதும் அத்தை என்று கையை இலைக்கு மேலே நீட்டினால், விரல்களின் இடுக்கு வழியாகவே இரண்டு கரண்டி சோற்றை இறக்கும் வித்தை எங்கள் அத்தைக்குக் கைவந்த கலை. எதிர்த்துப் பேசி வென்றவர் இல்லை. அதனால் நான் கண்டுபிடித்த ஒரே வழி, அவர் கேட்பதற்கு முன் நாமே கேட்டுவிடுவது: அத்தை, அந்தப் பீர்க்கங்காய்க் கூட்டு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா? சமைத்தவருக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை, கரண்டியும் சோற்றுப் பாத்திரத்திலிருந்து வேறு பாத்திரத்துக்குப் போய்விடும். திருமணப் பந்தியிலும் இதே உத்தி செல்லும். உணவகங்களில் சாப்பாட்டுக்குப் பொரியல் இன்னொரு கிண்ணம் கேளுங்கள். கூடுதல் பணம் என்றால் கொடுங்கள், கோபி மஞ்சூரியன் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் கோபியின் செந்நிறத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 2024 மார்ச் மாதத்தில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

எட்டாம் படி: ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள்

முதல் வாரம் பரிமாறும் ஒழுங்கையும் காய்கறி அளவையும் மட்டும் மாற்றுங்கள். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் பயறு நுழையட்டும். நான்காம் வாரம் அரிசியை அளக்கத் தொடங்குங்கள்; வயிறு ஏற்கனவே கூட்டாலும் சுண்டலாலும் நிறைந்திருப்பதால் அப்போது குறைப்பது தண்டனையாகத் தோன்றாது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதல் நாளே சோற்றைக் குறைத்தவர்கள் மூன்றாம் நாள் இரவு குளிர்பதனப் பெட்டியின் வெளிச்சத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். நீரிழிவுக்கு ஏற்கனவே மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், மாவுச்சத்தைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தளவு மாறாமல் உணவளவு மட்டும் மாறினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

தொடங்கும்போதே எச்பிஏ1சி (சில மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு), கொழுப்பு அளவுகள், ஹீமோகுளோபின், பி12 ஆகியவற்றைப் பரிசோதித்து வையுங்கள். சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்துத்தான் உங்கள் உழைப்பை நேர்மையாகக் காட்டும். பதினைந்தாம் நாளே ஆய்வுக்கூடத்துக்கு ஓடிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். இடைப்பட்ட காலத்தில் பார்க்க வேண்டியது புதிய மளிகைச் சீட்டைத்தான். பருப்பும் பயறும் 8 கிலோவைத் தாண்டியிருந்தால், எண்ணெய் 4 லிட்டருக்குள் வந்திருந்தால், சரியான வழியில்தான் போகிறீர்கள். அதன் கடைசி வரியில் அப்பளம் நான்கு கட்டு என்று இன்னும் இருந்தால் அதை எழுதியது யார் என்று வீட்டில் விசாரியுங்கள். எங்கள் வீட்டில் விசாரித்ததில் கையெழுத்து என்னுடையதாக இருந்தது.